பூச்சி மாத்திரை மூளைக்குப் போன வழி

பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் ஒரு மாத்திரை வந்து சேரும். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் அப்படித்தான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “கடிச்சு மென்னு முழுங்கணும், பையில போட்டுக்கிட்டுப் போகக் கூடாது” என்று சொல்லி, டீச்சர் கண்ணெதிரிலேயே சாப்பிட வைப்பார். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. ஊரில் இதற்குப் பூச்சி மாத்திரை என்று பெயர். 2015இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இதே மாத்திரையை, வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்த ஒருவரின் சீட்டில் நரம்பியல் மருத்துவர் எழுதுகிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பத்து நாள் அல்லது பதினான்கு நாள். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கிற மாத்திரை வலிப்புக்கு எதற்கு என்று மருந்துக் கடையில் நின்று யோசிப்பவர்கள் உண்டு. மூளைக்குள் தங்கிவிட்ட நாடாப்புழுவின் இளம்பருவத்தைக் கொல்வதற்காகத்தான் அது. ஆட்டுக்காகப் பிறந்த ஒரு மருந்து மனிதக் குடலுக்கு வந்து, குடலிலிருந்து மூளைக்குப் போன கதை நீண்டது. அதன் முக்கியமான ஒரு கட்டம் நம் பாலாற்றங்கரையில், வேலூரில் நடந்தது.

அந்தப் புழு மூளைக்கு எப்படிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் குழப்பம் அதிகம் இருப்பது இதில்தான். “நாங்க பன்னிக்கறிய தொட்டதே இல்லீங்களே டாக்டர்” என்று அதிர்ந்துபோகிற குடும்பங்கள் ஏராளம். சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இளம்புழு இருந்து, அதைச் சாப்பிட்டால் குடலில் வளர்வது முழு நாடாப்புழு. டீனியா சோலியம் என்ற அந்தப் புழு இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளம் வளரும். வைத்திருக்கிறவருக்குப் பெரும்பாலும் தொந்தரவே தெரியாது. ஆனால் அவருடைய மலத்தோடு புழுவின் கண்ணிகள் கழன்று வெளியேறும். ஒரு கண்ணிக்குள் ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கும். அந்த முட்டை பன்றியின் வயிற்றுக்குள் போனால் பன்றியின் தசையில் இளம்புழு தங்கும். மனிதரின் வயிற்றுக்குள் போனால் மனிதரின் தசையில், தோலுக்கடியில், கண்ணில், மூளையில் தங்கும். கழுவாத கையும், வெளிக்குப் போன இடத்து நீர் பாய்ந்த கீரையும் போதும். மூளையில் இந்த இளம்புழுவின் கட்டி வருவதற்கு நாம் பன்றி இறைச்சி சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. குடலில் புழு வைத்திருக்கிற யாரோ ஒருவர், பல சமயம் அதே வீட்டில் இருப்பவரே, சமைத்தோ பரிமாறியோ இருந்தால் ஆயிற்று. சைவ வீட்டுப் பிள்ளைக்கும் வருவது இதனால்தான்.

இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பதிவே சென்னையில் எழுதப்பட்டது. 1888இல் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர், வலிப்பு வந்து இறந்துபோன கூலித் தொழிலாளி ஒருவரின் மூளையில் இந்தக் கட்டிகளைக் கண்டு எழுதினார். அந்தத் தொழிலாளியின் பெயரை மருத்துவ வரலாறு சுமந்து வரவில்லை. கூலி என்ற சொல்லைத்தான் சுமந்து வந்திருக்கிறது. 1912இல் கிருஷ்ணசாமி என்ற மருத்துவர், தசைவலியும் தோலுக்கடியில் முடிச்சுகளுமாக வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிரேதப் பரிசோதனையில் தசையிலும் இதயத்திலும் மூளையிலும் புழுக்கட்டிகள் மண்டிக் கிடந்தன. பார்க்க முடிந்தது, எழுத முடிந்தது. கொடுக்க மருந்து இல்லை.

அடுத்த கட்டத்தில் நோயாளிகள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இந்தியாவில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியவர்களுக்குச் சில வருடங்கள் கழித்து வலிப்பு வந்தது. நடிக்கிறார்கள், மனக்கோளாறு என்றெல்லாம் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. 1930களில் மக்ஆர்தர் என்ற ராணுவ மருத்துவர், இது இந்தியாவில் இருந்தபோது உள்ளே போன நாடாப்புழு முட்டையின் வேலை என்று கண்டுபிடித்துச் சொன்னார். தொடையை எக்ஸ்ரே எடுத்தால், தசைநார் ஓடுகிற திசையிலேயே அரிசி இறைத்தது போல வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்த கட்டிகள் தெரியும். இப்படி 450 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து டிக்சனும் லிப்ஸ்கோம்பும் 1961இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் இந்த நோயின் அடிப்படை நூல்களில் ஒன்று. முட்டை உள்ளே போய் வலிப்பு வருவதற்குள் பல வருடங்கள் ஓடிவிடலாம் என்பதை உலகம் அந்தச் சிப்பாய்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டது. வாலாஜாபாத்தும் ஒரு காலத்தில் கம்பெனிப் படை பாளையம் இறங்கியிருந்த ஊர். ஆனால் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது இருந்தது என்று எண்ணிப் பார்க்க அந்தக் காலத்தில் யாரும் இல்லை.

மருந்து பிறந்தது மனிதருக்காக அல்ல. ஆடு மாடுகளின் குடற்புழு விவசாயிக்குப் பண நஷ்டம். அதனால் கால்நடை மருந்துக்குச் சந்தை இருந்தது. 1961இல் தயாபெண்டசோல் வந்தது. அந்தக் குடும்பத்தில் பல மருந்துகள் அடுத்தடுத்துப் பிறந்தன. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் கால்நடை ஆய்வுக்கூடத்தில் தியோடரைடிஸ், கியூரிக் ஆகியோர் உருவாக்கியது அல்பெண்டசோல். செம்மறியாட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்துப் பழகிய பிறகு, 1980களின் தொடக்கத்தில்தான் மனிதர்களுக்கு வந்தது. அதுவும் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்.

மூளைக்கட்டிக்கு முதலில் வழி திறந்தது வேறொரு மருந்து. ஜெர்மனியில் பேயர், மெர்க் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பிராசிகுவான்டெலைக் கொடுத்து மூளையில் இருக்கும் புழுக்கட்டியைக் கரைக்க முடியும் என்று 1979இல் மெக்சிகோவின் கிளெமென்டே ரோப்லெஸ் எழுதினார். அதுவரை மண்டையோட்டைத் திறப்பது ஒன்றுதான் வழி. எட்டு வருடம் கழித்து, 1987இல், மெக்சிகோ நகரத்துத் தேசிய நரம்பியல் நிறுவனத்தில் எஸ்கோபெடோ, சோட்டெலோ குழுவினர் அல்பெண்டசோலை முயன்று பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கின. முதலில் ஒரு மாதம் கொடுத்தார்கள். அடுத்த வருடமே எட்டு நாள் கொடுத்தாலும் பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். ஆட்டு மருந்து மூளைக்குள் நுழைந்தாயிற்று.

அந்தச் சமயத்தில் இந்தியாவில் நடந்துகொண்டிருந்தது வேறு. 1980களில் பெரிய ஊர்களுக்கு சி.டி. ஸ்கேன் வந்தது. வலிப்போடு வருகிறவர்களின் மூளையில் ஒற்றைச் சிறு வட்டம் ஒன்று தெரிய ஆரம்பித்தது. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. சாய மருந்து ஏற்றினால் ஓரம் வெள்ளையாக மின்னும், சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். மெக்சிகோக்காரர்கள் கண்ட தெளிவான நீர்க்கட்டி போல அது இல்லை. இந்தியாவில் காசநோய் அதிகம். ஆகவே அது காசநோய்க் கட்டி என்றே மருத்துவர்கள் முடிவுகட்டினார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று மூன்று நான்கு காசநோய் மருந்துகள். இல்லாத நோய்க்கு மருந்து விழுங்கி, ஈரல் கெட்டு, வேலை விட்டு அலைந்தவர்கள் எத்தனையோ பேர். மருந்து சாப்பிட்டவர்களுக்கு வட்டம் மறைந்தது. அதனால் காசநோய்தான் என்று நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் மறைந்ததைப் பார்த்த சிலர் மட்டும் குழம்பினார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் செய்தது எளிமையான, துணிச்சலான காரியம். ஊகிப்பதை விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறு வட்டங்களை மூளையிலிருந்து எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தபோது, காசநோய்க்குப் பதிலாக நாடாப்புழுவின் இளம்பருவமும் அதைச் சூழ்ந்த அழற்சியும் தென்பட்டன. 1989இல் லான்செட் இதழில் அவர்கள் எழுதிய சிறு கட்டுரை, இந்திய நோயாளிகளின் ஒற்றை வட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் புழுதான் என்று சொன்னது. எவ்வளவு பேரைத் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்து அந்தக் கட்டுரை காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

எல்லோருடைய மூளையையும் திறந்து பார்க்க முடியாது. ஆகவே அடுத்த வேலை, திறக்காமலே அடையாளம் காண்பது. வலிப்போடு வந்திருக்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறிய அறிகுறி இருக்கக் கூடாது. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகக் கூடாது. உடம்பில் வேறெங்கும் காசநோயோ புற்றுநோயோ இருக்கக் கூடாது. ஸ்கேனில் ஒரே ஒரு வட்டம், 20 மில்லிமீட்டருக்குள், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் அது புழுக்கட்டிதான் என்று கொள்ளலாம். இந்த விதிகளைப் புதிய நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து 1997இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றும் ராஜசேகரின் பெயரில் வழங்கப்படுகிற விதிகள் அவை. 2000இல் இருவரும் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். மறைந்துபோகும் கட்டி என்பதுதான் அதன் துணைத்தலைப்பின் சாரம்.

தானாக மறைகிறது என்றால் மாத்திரை எதற்கு? இந்தச் சண்டை பத்துப் பதினைந்து வருடம் நடந்தது. ஒற்றை வட்டமாக மின்னுகிற நிலையில் புழு ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது, செத்ததைக் கொல்ல மருந்து வேண்டாம் என்றது ஒரு பக்கம். 1994இல் டெல்லி எய்ம்ஸில் நடந்த ஆய்வில் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1998இல் சண்டிகரில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கட்டி சீக்கிரம் மறைந்தது. வேலூர்க்காரர்கள் இடைவழி ஒன்றை எடுத்தார்கள்: வலிப்பு மாத்திரையை மட்டும் கொடுத்துப் பொறுத்திருந்து, அதற்குப் பிறகும் கட்டி கரையாமல் நீடித்தவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுத்தார்கள். அவசரப்படாமல் காத்திருந்து பார்க்கிற அந்தப் பொறுமை மருத்துவத்தில் அரிது. இப்போதைய வழிகாட்டிகள் ஒற்றை வட்டத்துக்கும் ஒன்றிரண்டு வாரம் அல்பெண்டசோலைப் பரிந்துரைக்கின்றன.

உயிரோடு இருக்கிற நீர்க்கட்டிக்கு மருந்து தேவைதான் என்பதை 2004இல் பெரு நாட்டின் ஹெக்டர் கார்சியா குழுவினர் காட்டினார்கள். 120 நோயாளிகள். பாதிப் பேருக்குப் பத்து நாள் அல்பெண்டசோல், நாளைக்கு 800 மில்லிகிராம், கூடவே டெக்சாமெத்தசோன். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து பெற்றவர்களுக்கு உடம்பு முழுக்க வெட்டுகிற பெரிய வலிப்புகள் 67 சதவீதம் குறைந்தன. பத்து வருடம் கழித்து அதே குழு, கட்டிகள் பல இருந்தால் அல்பெண்டசோலோடு பிராசிகுவான்டெலையும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று காட்டியது.

ஒரு மாத்திரையை விழுங்கியதும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அல்பெண்டசோல் தண்ணீரில் லேசில் கரையாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குடல் உறிஞ்சிக்கொள்வது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. மீதி வந்த வழியே போய்விடும். குடற்புழுவுக்கு அது லாபம், ஏனென்றால் மருந்து குடலிலேயே தங்குகிறது. மூளைக்குப் போக வேண்டுமென்றால் அது நஷ்டம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவு ஐந்து மடங்கு வரை உயர்கிறது. ஆகவே மூளைக்கட்டிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பால் குடித்தோ, எண்ணெய் நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின்னாலோ சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவருக்குப் பாதி வைத்தியம்கூடக் கிடைப்பதில்லை. மருந்துக் கடையில் இதை யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

உறிஞ்சப்பட்ட மருந்து நேராக ஈரலுக்குப் போகிறது. அங்கே அது அல்பெண்டசோல் சல்பாக்சைடாக மாறுகிறது. வேலை செய்வது இந்தப் புது உருவம்தான். ரத்தத்தில் பாதியாகக் குறைய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காலை ஒன்று, இரவு ஒன்று என்ற கணக்கு அதனால் வந்தது. மூளையைக் காவல் காக்கிற ரத்த நாளச் சுவரைத் தாண்டி உள்ளே போகவும் இந்த உருவத்தால் முடிகிறது. புழுவின் செல்களுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அது நுண்குழாய்களாகச் சேரவிடாமல் தடுக்கிறது. நுண்குழாய் இல்லாத புழுவால் சர்க்கரையை உள்ளே இழுக்க முடியாது. சேமித்து வைத்த கிளைகோஜன் தீர்ந்ததும் பட்டினியில் சாகிறது. அளவு, எடைக்குத் தகுந்தபடி: கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு நாளைக்கு, அதை இரண்டாகப் பிரித்து, 1200 மில்லிகிராமைத் தாண்டாமல்.

புழு சாவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. உயிரோடு இருக்கிற இளம்புழு நம் உடம்பின் எதிர்ப்பாற்றலை ஏமாற்றிச் சத்தமில்லாமல் கிடக்கும். சாகிறபோதுதான் உடம்புக்கு அதை அடையாளம் தெரிகிறது. உடனே படை திரண்டு வருகிறது, சுற்றிலும் வீக்கம், வலிப்பு. மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே தலைவலி கூடி, வலிப்பு கூடி, “மருந்து ஒத்துக்கல” என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இந்த வீக்கத்தை அடக்கத்தான் அல்பெண்டசோலுக்கு முன்னாலேயே ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். ஒரு நல்ல தற்செயல்: டெக்சாமெத்தசோன் ரத்தத்தில் அல்பெண்டசோலின் அளவைக் கூட்டுகிறது. பிராசிகுவான்டெலுக்கு அது நேர்மாறாக அளவைக் குறைத்துவிடும். இரண்டில் அல்பெண்டசோல் முன்னுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிலருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. 2019 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. ஃபரிதாபாத் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வலிப்போடு வந்த 18 வயது இளைஞரின் மூளைப் படம். மூளை முழுக்க எண்ண முடியாத அளவுக்குக் கட்டிகள். ஒரு கண்ணிலும் இருந்தது. அத்தனை புழுவையும் ஒரே சமயத்தில் சாகவிட்டால் மூளை வீங்கிவிடும், கண்பார்வை போய்விடும் என்பதால் மருத்துவர்கள் புழுக்கொல்லி மருந்தைக் கொடுக்கவில்லை. ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் மட்டும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார். கண்ணில் கட்டி இருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்த்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இந்த அச்சம்தான் இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன பழைய கட்டிக்கும் இந்த மாத்திரையால் பயன் இல்லை. அங்கே கொல்வதற்குப் புழுவே இல்லை, வலிப்பு மாத்திரை மட்டும் போதும். கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்க வேண்டும். ஈரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கலாம் என்பதால் இடையில் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கும் முன்பு காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தோலுக்கடியில் வருகிற முடிச்சின் கதை இதைவிட அமைதியானது. கையிலோ முதுகிலோ மார்பிலோ வலியில்லாத ஒரு கட்டி, அழுத்தினால் நகரும். கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடுவார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் நீர் நிரம்பிய பைக்குள் புழுவின் தலை சிறு புள்ளியாகத் தெரியும். ஊசியால் உறிஞ்சியும் கண்டுபிடிக்கலாம். ஒன்றிரண்டு இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம், நிறைய இருந்தால் அல்பெண்டசோல். தோலில் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தோலில் இருப்பவருக்கு மூளையிலும் கண்ணிலும் இருக்கலாம். பார்க்காமல் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், தோல் முடிச்சு கரைகிற அதே நாளில் மூளையில் யாரும் அறியாத கட்டி வீங்கி வலிப்பு வரலாம்.

இவ்வளவு செய்கிற இந்த மாத்திரை நம் மருந்துக் கடையில் ஏறத்தாழ பத்து ரூபாய். பத்து நாள் வைத்தியத்துக்கு இருநூறு ரூபாய். ஸ்கேன் செலவில் இது ஒரு ஓரம். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 2010இல் ஒரு நாள் மருந்துக்கு 5.92 டாலராக இருந்த விலை, விற்பனை உரிமை கைமாறிய பிறகு 2013இல் 119.58 டாலராக ஏறியது. மூலக்கூறு அதே, புழு அதே. இந்தியாவில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்குத்தான் என்று அந்தச் சட்டம் 2005 வரை வைத்திருந்ததால், நம் நிறுவனங்கள் வேறு செய்முறையில் மருந்தைத் தயாரித்துக் குவிக்க முடிந்தது.  சட்டப் புத்தகத்தில் எழுதிய ஒரு வரி, உத்திரமேரூர் பக்கத்து விவசாயக் கூலியின் மருந்துச் செலவை இருநூறு ரூபாய்க்குள் நிறுத்தியிருக்கிறது. அரசியல் செய்கிறவர்கள் இதை மேடையில் சொல்லிப் பெருமைப்படலாம்.

பள்ளியில் கொடுக்கிற ஒற்றை மாத்திரையே நாடாப்புழுவையும் தீர்த்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒற்றை மாத்திரையின் குறி உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. குடலில் இருக்கும் பன்றி நாடாப்புழுவை ஒரு வேளை அல்பெண்டசோலால் நம்பி ஒழிக்க முடியாது. அதற்கு நிக்லோசமைடோ பிராசிகுவான்டெலோ வேண்டும். பிள்ளைக்கு முன்பு வலிப்பு வந்திருந்தால், மூளையில் கட்டி இருக்கக்கூடும் என்பதால், பூச்சி மாத்திரை போடும் நாளில் டீச்சரிடமும் நர்சம்மாவிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மறைப்பதற்குக் காரணம் வெட்கம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, மந்திரிக்கக் கூட்டிப் போவது, பெண்ணாக இருந்தால் கல்யாணம் முடிகிற வரை வெளியே மூச்சுவிடாமல் இருப்பது எல்லாம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. 1999 வரை இந்துத் திருமணச் சட்டமே வலிப்பு நோயை ஒரு காரணமாக வைத்துத் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் கொடுத்தது. சட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், வீட்டுப் பேச்சிலிருந்து எடுக்கவில்லை. வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, ராஜசேகர், அன்னா உம்மன் உள்ளிட்ட குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் இந்தப் புழுக்கட்டி. பேயும் இல்லை, பரம்பரையும் இல்லை, முன்வினையும் இல்லை. மலத்திலிருந்து வாய்க்கு வந்த ஒரு முட்டை.

இந்த இடத்தில் மாத்திரையின் எல்லை முடிந்து ஊரின் வேலை தொடங்குகிறது. கட்டி வந்த பிறகு கரைக்கத்தான் மாத்திரைக்குத் தெரியும், வராமல் தடுக்கத் தெரியாது. பெரு நாட்டின் வடக்கே தும்பெஸ் பகுதியில் 107 கிராமங்களில், 81,170 பேர் வாழும் இடத்தில், மனிதருக்கு நாடாப்புழு மருந்து, பன்றிக்கு மருந்தும் தடுப்பூசியும் என்று சேர்த்துச் செய்து, ஓரிரு கிராமங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். 2016இல் அந்த முடிவு வெளியானது. பன்றிக்கான தடுப்பூசியை இப்போது ஹைதராபாத்தில் இந்தியன் இம்யூனலாஜிக்கல்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்து லைட்டவுலர்ஸ் உருவாக்கிய தடுப்பூசி அது. மருந்து நம்மிடம் இருக்கிறது, தடுப்பூசி நம்மிடம் இருக்கிறது. குப்பைமேட்டிலும் சாக்கடை ஓரத்திலும் அவிழ்த்துவிட்ட பன்றிகளும், கதவை மூடி விறகு அடுக்கி வைத்த கழிப்பறைகளும் நம்மிடம்தான் இருக்கின்றன.

வாலாஜாபாத் பக்கத்தில் யாருக்காவது முதல் முறையாக வலிப்பு வந்தால், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிப் போங்கள். ஸ்கேன் படத்தையும் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். மூளையில் பூச்சி என்று யாராவது சொன்னதைக் கேட்டு, கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணைப் பார்த்தாயிற்றா, ஸ்டீராய்டு தொடங்கியாயிற்றா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். கட்டி கரைந்துவிட்டது என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் இருக்கிற எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சமைக்கிறவர் முதலில்.